பொம்மைச் சிப்பாய் மறுப்பானா?

வடக்கனந்தலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒருநாள் யுத்தம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த நண்பர் மேசைமேல் பச்சைத் துணி விரித்து, நீல நாடாவால் ஓர் ஆறு போட்டு, விரல்கடை உயரப் பொம்மைகளை அடுக்கினார். இடம் அசாயே, நாள் 1803 செப்டம்பர் 23. நெப்போலியன் காலத்துப் போர்களை மேசையில் திரும்ப நடத்திப் பார்க்கும் விளையாட்டு இது. படை நகரும் தூரத்தை அளவுகோல் சொல்லும். சாவைப் பகடை சொல்லும். "நீ மெட்ராஸ் பட்டாளத்தை நடத்துய்யா" என்றார். சிவப்புச் சட்டை மாட்டிய அந்தக் கறுத்த பொம்மையைக் கையில் எடுத்ததும் எனக்கு என்னமோ போலிருந்தது.

இந்த விளையாட்டு பிறந்ததே தோல்வியிலிருந்துதான் என்று சொல்லத் தோன்றுகிறது. 1806 அக்டோபரில் யேனாவில் நெப்போலியனிடம் நொறுங்கியது பிரஷ்யா. 1812இல் ரைஸ்விட்ஸ் என்பவர் அந்நாட்டு அரசனுக்கு ஒரு போர்மேசை செய்து கொடுத்தார். அவருடைய மகன் 1824இல் அதை வரைபடத்துக்கு மாற்றி விதிகளை அச்சிட்டார். இரு தரப்புக்கும் மேலே ஒரு நடுவர். ஒரு நகர்வு என்பது இரண்டு நிமிடப் போர். அதிகாரிகளின் பயிற்சியாக இருந்ததை, 1913இல் எச்.ஜி. வெல்ஸ் எழுதிய சிறு புத்தகம் வீட்டுத் தரைக்கு இறக்கியது.

அசாயேயில் மராத்தியரை வென்ற ஆர்தர் வெல்லஸ்லிதான் 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர். அவருடைய காலாட்படையில் பெரும்பகுதி மெட்ராஸ் சிப்பாய்கள். செத்தும் காயம்பட்டும் விழுந்தவர்கள் அவர் தரப்பில் மட்டும் 1,500க்கு மேல். அவர் பெயர் வரலாறாயிற்று, இவர்கள் எண்ணிக்கையானார்கள்.

விதிப்புத்தகத்தில் 'மன உறுதி' என்று ஓர் அத்தியாயம் இருந்தது. படை அடிபட்டால் பகடை உருட்ட வேண்டும். எண் குறைந்தால் பொம்மைகள் ஓடும். ஆக, சிப்பாய் பயப்படலாம். "மாட்டேன்னு சொன்னா?" என்று கேட்டேன். நண்பர் சிரித்தார். அதற்கு விதி இல்லை. பயம் அதிகாரத்தின் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது, மறுப்பு அடங்குவதில்லை. சிப்பாயின் உடல் பயிற்சியால் உற்பத்தி செய்யப்படுவதை ஃபூக்கோ 1975இல் விரிவாக எழுதினார். அந்த உற்பத்தியின் லட்சிய வடிவம் இந்த ஈயப் பொம்மை.

ஆனால் பொம்மை எழுந்த நாளும் உண்டு. 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை. நெற்றிக்குறி கூடாது, தாடியைத் திருத்து, தோல் சேர்ந்த புதுத் தலைப்பாகை அணி என்ற உத்தரவுகளுக்கு எதிராகச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பினார்கள். திப்புவின் கொடி ஏறியது. அன்றைக்கே ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி வந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்று அடக்கினார். அவரோடு வந்த 19ஆம் டிராகூன் குதிரைப்படை அசாயேயில் பாய்ந்த அதே படை. உடன் வந்த மெட்ராஸ் குதிரைப்படையில் இருந்தவர்களோ இந்நாட்டுச் சிப்பாய்கள். இந்தக் கசப்பை மறைத்துவிட்டு வேலூரைக் கொண்டாடுவதில் அர்த்தமில்லை.

நம்மூர்க் கோயில்களின் கல்தரைகளில் ஆடுபுலி ஆட்டக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடு கொல்லாது, சேர்ந்து நின்று புலியை நகரவிடாமல் செய்துதான் ஜெயிக்கும். சமமற்றவர்களின் போரை ஒப்புக்கொள்கிற ஆட்டம் இது. அட, இதுவல்லவா நம்முடையது என்று உடனே மார்தட்டிக்கொள்ள வேண்டாம். அந்த ஆட்டையும் ஒரு கைதான் நகர்த்துகிறது.

என் கேள்வி அந்தக் கையைப் பற்றியது. நாமும் மக்களைத் 'திரட்டுகிறோம்', ஊர்வலத்துக்கு 'ஆள் இறக்குகிறோம்', வரைபடத்தில் புள்ளி வைத்துப் பேசுகிறோம். வராதவர்களைப் பயந்தவர்கள் என்று எழுதிவிடுகிறோம். அவர்கள் மறுத்திருக்கலாம் அல்லவா? அந்த மறுப்பைக் கேட்க நம் விதிப்புத்தகத்தில் ஒரு பக்கமாவது இருக்கிறதா?

அன்றைக்கு என் பட்டாளத்தை நான் ஆற்றைக் கடக்க விடவில்லை. "ஆட்டத்தைக் கெடுத்துட்டியே" என்றார் நண்பர்.