தாய்மையும் ஒரு கல்வியே

குட்டியை ஈன்ற விலங்கிற்கு அதனைப் பேணும் முறை தானாகவே தெரிந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். முதல் ஈற்றிலேயே பசு தன் கன்றை நக்கித் துடைத்துப் பாலூட்டுவதைக் கண்ட நமக்கு அவ்வெண்ணம் எழுவது இயல்பே. ஆயின், மனிதக் குரங்கினத்தில் பாசம் மட்டும் போதுவதில்லை. தாய்மையைப் பார்த்துப் பழகவும் வேண்டும். கொரில்லாக்களின் வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

காட்டின் பள்ளி

நடு ஆப்பிரிக்கக் காடுகளில் கொரில்லாக்கள் குடும்பமாக வாழ்கின்றன. குட்டி ஏறத்தாழ மூன்றாண்டுகள் பால் குடிக்கும். முதலில் தாயின் மார்பைப் பற்றிக்கொண்டும், பின்னர் முதுகில் அமர்ந்தும் உடன் செல்லும். வளரும் பெண் கொரில்லா மற்றத் தாய்மாரைக் கண்டும், அவர்களுடைய குட்டிகளைத் தொட்டுத் தூக்கியும் பழகுகின்றது. பின்னாளில் தானே தாயாகும்போது அக்கல்வி அதற்குக் கைகொடுக்கின்றது.

பாசம் இருந்தது, பயிற்சி இல்லை

முன்னாளில் காட்சிசாலைகளுக்கெனப் பிடிக்கப்பட்ட கொரில்லாக்கள் பெரும்பாலும் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிகளே. அவ்வாறு வந்த அகில்லா, 1959-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரக் காட்சிசாலையில் ஒரு பெண் குட்டியை ஈன்றது. அதைக் கையில் ஏந்தியது. ஆனால் பால் கொடுக்கும் வகை அறியவில்லை. காட்சிசாலை இயக்குநர் எர்ன்ஸ்ட் லாங் அக்குட்டியைத் தம் இல்லத்திற்கே எடுத்துச் சென்று வளர்த்தார். கோமா என்று பெயரிடப்பட்ட அது, ஐரோப்பாவில் பிறந்த முதல் கொரில்லாவாகும்.

அகில்லா அன்பற்ற தாயா? அன்று. 1961-இல் பிறந்த தன் அடுத்த குட்டி ஜம்போவை அதுவே பாலூட்டி வளர்த்தது. பின்னர் ஜம்போ ஜெர்சித் தீவின் காட்சிசாலைக்கு அனுப்பப்பட்டது. 1986-இல் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அங்குக் கொரில்லாக்களின் அடைப்பினுள் தவறி விழுந்து மயங்கினான். ஜம்போ அவனருகே காவலாக நின்று, மற்றக் கொரில்லாக்களை அணுகவிடாமல், அவன் முதுகை மெல்ல வருடியது. சிறுவன் உயிருடன் மீட்கப்பட்டான்.

வளர்ப்புத் தாய்

இன்று காட்சிசாலைகள் தம் முறையை மாற்றிக்கொண்டுள்ளன. 2013-இல் அமெரிக்காவில், தாய் பேணாது விட்ட கிளாடிஸ் என்னும் குட்டி சின்சினாட்டி காட்சிசாலைக்குக் கொண்டுவரப்பட்டது. பணியாளர்கள் ரோமம் போன்ற கருஞ்சட்டை அணிந்து, இரவும் பகலும் அதைச் சுமந்தனர். கொரில்லாவைப் போல் உறுமவும் செய்தனர். மனிதரிடமே வளர்ந்தால் அது தன் இனத்தை அறியாது போகுமன்றோ? சில மாதங்களில் மூத்த கொரில்லா ஒன்று அதை ஏற்று வளர்க்கலாயிற்று.

நம் இல்லங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பாட்டியும் அத்தையும் குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவதைக் கண்டே நம் பெண்கள் முன்பு கற்றனர். இன்றோ தனிக்குடித்தனத்தில் பல இளந்தாய்மார் தம் குழந்தையிடமே முதன்முதலாகக் கற்கின்றனர். தலைப்பிள்ளையைக் கையில் ஏந்தித் தடுமாறும் மகளையோ மருமகளையோ, "இதுகூடத் தெரியாதா?" என்று கடிந்துகொள்ளலாமா? அவளிடம் குறைவது அன்பன்று. அருகிருந்து காட்டித்தரும் ஒரு கையே.