நாலு விழுந்தவன் அக்கிலீஸ்!

உங்களுக்குத் தெரியுமா?

பழங்காலக் கிரேக்க ஜாடி ஒன்றின் ஓவியத்தில், டிராய்ப் போரின் மாவீரர்கள் அக்கிலீஸும் அஜாக்ஸும், பிடித்த ஈட்டியைக் கீழே வைக்காமலே ஆட்டப்பலகை மேல் குனிந்திருக்கிறார்கள். அக்கிலீஸின் வாயருகே ‘நான்கு’, அஜாக்ஸின் வாயருகே ‘மூன்று’ என்று கிரேக்க எழுத்துகள். பகடையில் விழுந்த எண்ணைச் சொல்கிறார்களாம். காமிக்ஸ் பேச்சுக் குமிழிக்கு மூத்த அண்ணன்!

ஏதென்ஸில் எக்ஸிகியாஸ் என்ற குயவர் கி.மு. 540–530 வாக்கில் செய்த ஜாடி இது. ‘என்னை’ வனைந்ததும் வரைந்ததும் அவரே என்று ஜாடியே சொல்வதுபோலக் கையெழுத்திட்டிருக்கிறார். ஹோமரின் இலியட்டில் இப்படியொரு காட்சி கிடையாது. ஆனாலும் பின்வந்த ஓவியர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட கலங்களில் இதை வரைந்து தள்ளினார்கள்.

ஜாடியில் அந்த உருவங்களின் கறுப்பு, சாயமல்ல. நுண்ணிய களிமண் குழம்புதான். சூளைக்குள் காற்று புகாமல் அடைத்துப் புகைமூட்டினால் கலம் முழுக்கக் கறுக்கும். மறுபடி காற்றை விட்டால் மற்ற இடங்கள் சிவந்துவிடும். குழம்பு பூசிய இடம் மட்டும் கண்ணாடிபோல் இறுகிவிட்டதால் கறுப்பாகவே நிற்கும். வீரர்களின் மேலங்கியில் உள்ள மயிரிழை வேலைப்பாடெல்லாம் சூளைக்குப் போகும் முன்பே கூர்முனையால் கீறியவை. கை நடுங்கியிருந்தால் அவ்வளவுதான்!

இத்தாலியின் வுல்சியில் கிடைத்த இந்த ஜாடி, இப்போது வாட்டிகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.