ஏழைத் தாயும் நகராட்சி விதியும்

தன் பிள்ளைகளுக்குச் சோறிட வேண்டிய உதவித் தொகையைப் பெறுவதற்கு ஒரு தாய் காவல் நிலையத்தின் படியேற வேண்டுமா? 1961-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்க நாட்டின் நியூபர்க் நகரில் ஏழை மக்கள் அவ்வாறுதான் ஏறினார்கள். அவர்கள் குற்றவாளிகள் அல்லர். கணவனை இழந்தோர், கைவிடப்பட்டோர், நோயாளிகள், முதியோர் ஆகியோரே அவர்களுள் பெரும்பாலோர். வழக்கமாகக் கிடைத்து வந்த காசோலையை இம்முறை காவல் நிலையத்திற்கு வந்து, விசாரணைக்கு உட்பட்ட பின்னரே பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது நகராட்சியின் ஆணை. விசாரணை முடிந்தது. மோசடி செய்தவர் ஒருவரும் அகப்படவில்லை.

‘எங்கோ தொலைவில், என்றோ நடந்த செய்தியாயிற்றே, நமக்கென்ன?’ என்று கேட்கத் தோன்றலாம். ஆயினும் வறிய குடும்பத்திற்கு உதவ முற்படும் ஒவ்வொரு நகராட்சியும், ஒவ்வோர் அரசும், ஏன், ஒவ்வொரு பங்கும்கூட எதிர்நோக்கும் கேள்வி ஒன்று இதில் அடங்கியுள்ளது. பிள்ளையைக் காப்பது என்றால், அதன் வீட்டை நிலைநிறுத்துவதா? அல்லது வீட்டினின்று பிள்ளையைப் பிரித்தெடுப்பதா?

வீட்டைக் கலைக்கலாகாது

சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை அமெரிக்க நகரங்களில் இதற்கு ஒரே விடைதான் இருந்தது. தந்தை இறந்து, தாய் வறுமையுற்றால், பிள்ளைகள் அநாதை இல்லம் சேர்வர். தாய் உயிரோடிருக்க, பிள்ளைகள் அநாதைகளாயினர்!

இந்நிலையை மாற்ற 1909-ஆம் ஆண்டு ஜனவரியில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். நியூயார்க் நகரப் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் தலைவர்களுள் ஒருவரான தாமஸ் மல்ரி அதில் முக்கிய பங்கேற்றார். வறுமை ஒன்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எந்தப் பிள்ளையையும் வீட்டிலிருந்து பிரிக்கலாகாது என்பதே அம்மாநாடு கண்ட முடிபு. ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று அவர்களோடு அமர்ந்து பழகிய வின்சென்ட் தே பவுல் சபையினருக்கு இது புதிய செய்தியன்று.

அதன் பயனாக 1911-ல் இல்லினாய்ஸ் மாநிலம், வறிய தாய்மார் தம் பிள்ளைகளைத் தாமே வளர்க்க உதவித் தொகை வழங்கும் சட்டத்தை இயற்றியது. சிக்காகோ நகரில் சிறுவர் நீதிமன்றமே அதை நிர்வகித்தது. பிற மாநிலங்கள் பலவும் தொடர்ந்தன. 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இவ்வுதவியை நாடு முழுவதற்குமான திட்டமாக்கியது.

ஆனால் நல்ல விதையோடு ஒரு களையும் கலந்தே விதைக்கப்பட்டது. ‘தகுதியுள்ள’ தாய்க்கே உதவி என்றார்கள். தகுதியை அளப்பவர் யார்? அலுவலர். அவர் அடுப்படியைப் பார்த்தார், படுக்கையைப் பார்த்தார், வந்துபோவோர் யார் எனக் கேட்டார். உதவ வந்தவர் சிறிது சிறிதாக வேவுகாரர் ஆனார்.

பதின்மூன்று விதிகள்

இந்தக் களை முற்றி வளர்ந்த இடமே நியூபர்க். ஹட்சன் ஆற்றங்கரையில், நியூயார்க் பெருநகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 மைல் தொலைவில் உள்ள சிறு நகரம் அது. தொழில்கள் நலிவுற்றிருந்தன. தென் மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடிக் கறுப்பின மக்கள் பலர் குடியேறியிருந்தனர். நகரின் நலிவுக்கெல்லாம் உதவித் தொகை பெறுவோரே காரணம் என்ற எண்ணம் பரவியது. நகர மேலாளர் ஜோசப் மிட்செல் 1961-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பதின்மூன்று விதிகளை அறிவித்தார்.

முதியோர், பார்வையற்றோர், உடல் ஊனமுற்றோர் நீங்கலாக மற்றவர்க்கு ஆண்டில் மூன்று மாதங்களே உதவி. திருமணமின்றி மீண்டும் பிள்ளை பெறும் தாய்க்கு உதவி இல்லை. ஊருக்குப் புதிதாக வருவோர், வேலை உறுதியானதால்தான் வந்தோம் என்று மெய்ப்பிக்க வேண்டும். இயலாவிடில் குறுகிய கால உதவியே கிட்டும். இவற்றினும் கொடிய விதி ஒன்றுண்டு. வீட்டுச் சூழ்நிலை நகராட்சிக்குத் திருப்தி அளிக்காவிட்டால், பெற்றோருக்குத் தொகை கொடுப்பதற்குப் பதிலாகப் பிள்ளைகளை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துவிடலாம்!

சற்று எண்ணிப் பார்ப்போம். கூரை ஒழுகுவதும், கட்டில் இல்லாததும், பிள்ளைகள் கிழிந்த உடை உடுப்பதும் வறுமையின் அடையாளங்கள். அவ்வறுமையைப் போக்கவே உதவி கேட்கிறாள் தாய். அவ்வடையாளங்களையே சான்றாகக் காட்டிப் பிள்ளையைப் பிரிப்பது எவ்வகை நீதி? மேலும், பிள்ளையை அயலார் வீட்டில் வளர்க்க ஆகும் செலவு தாய்க்குத் தரும் தொகையினும் மிகுதி. பணத்தை மிச்சப்படுத்தும் விதி என்றும் இதைச் சொல்ல முடியாது.

நசரேத்தூர்த் திருக்குடும்பத்தை இங்கு நினைவுகூர்கிறோம். ஏரோதுக்கு அஞ்சிக் கைக்குழந்தையோடு எகிப்துக்குச் சென்ற சூசையப்பரிடம், ‘இங்கே உமக்கு வேலை தருவதாக யார் சொன்னார்கள்?’ என்று ஒரு நகராட்சி கேட்டிருந்தால், அவர் என்ன விடை கூறியிருப்பார்?

நகரத் தலைவரே இவ்விதிகளை எதிர்த்தார். எனினும் நாடெங்கும் இவற்றுக்குப் பாராட்டுக் குவிந்தது. அப்பாராட்டில் கிறிஸ்தவர்களின் குரலும் இல்லாமற் போயிராது. இறுதியில் மாநில அரசு வழக்குத் தொடுத்தது. 1961 டிசம்பரில் நீதிமன்றம் 13 விதிகளில் 12-க்குத் தடை விதித்தது.

கேட்காமல் தண்டிக்கலாமா?

விதி நல்லதாயிருந்தாலும், அதைச் செயற்படுத்தும் முறை தீயதாகலாம். நியூயார்க் பெருநகரில் ஒருவருக்கு உதவி பெறும் தகுதி இல்லை என்று அலுவலகம் கருதினால், ஏழு நாள் அறிவிப்புக் கொடுத்துத் தொகையை நிறுத்திவிடும். அவர் தம் மறுப்பை எழுதி அனுப்பலாம். முடிவு செய்பவரை நேரில் கண்டு பேச இயலாது. நேரில் கேட்கும் விசாரணை பின்னரே நடைபெறும். அதுவரை பிள்ளைகள் எதை உண்பார்கள்?

உதவி பெற்ற சிலர் 1968-ல் வழக்குத் தொடுத்தனர். கோல்ட்பெர்க் எதிர் கெல்லி எனப்படும் இவ்வழக்கில், 1970 மார்ச் 23-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கத்தோலிக்கரான நீதிபதி வில்லியம் பிரென்னன் அத்தீர்ப்பை எழுதினார். உதவியை நிறுத்துமுன் காரணம் தெரிவிக்க வேண்டும்; பாதிக்கப்படுபவர் நேரில் வந்து தம் வாயால் பேச இடமளிக்க வேண்டும்; எதிர்ச் சாட்சி சொல்வோரை அவர் வினவலாம்; நடுநிலையானவர் முடிவு செய்ய வேண்டும். எழுதப் படிக்க அறியாத ஏழைக்கும் நாவுண்டு என்பதை ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அது.

அதோடு போராட்டம் ஓய்ந்துவிடவில்லை. 1935-ஆம் ஆண்டுத் திட்டம் 1996-ல் முடிவுற்றது. காலவரையறையும் வேலை நிபந்தனையும் கொண்ட வேறொரு திட்டம் அதன் இடத்தில் வந்தது. நியூபர்க் எழுப்பிய கேள்வி வேறு உருவில் இன்றும் கேட்கப்படுகிறது.

திருச்சபையின் போதனை

13-ஆம் சிங்கராயர் 1891-ல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலில் இதற்கு வழி காட்டியுள்ளார். கடுந்துன்பத்தில் சிக்கித் தானே மீள இயலாத குடும்பத்திற்குப் பொது அதிகாரம் உதவுவது முறையே. ஆனால் அவ்வளவில் நின்றுவிட வேண்டும். பெற்றோரின் இடத்தை அரசு பறிக்கலாகாது என்பது அவர் கருத்து. சிறிய அமைப்பு ஆற்றக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று 1931-ல் 11-ஆம் பத்திநாதர் கற்பித்தார். 1983-ல் வத்திக்கான் வெளியிட்ட குடும்ப உரிமைகளின் சாசனமும், பொது அதிகாரிகளிடமிருந்து தகுந்த ஆதரவை எதிர்பார்க்கும் உரிமை குடும்பத்திற்கு உண்டென்று கூறுகிறது.

இதனால், எந்நிலையிலும் பிள்ளையைப் பிரிக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அடியும் உதையும் பட்டு, பட்டினியில் விடப்பட்டு, இழிசெயல்களுக்கு ஆளாகும் பிள்ளையை உடனே மீட்பது கடமை. அங்கே தயங்குவது பாவம். வரி செலுத்துவோரின் பணம் முறையாகச் செலவாகிறதா என்று பார்ப்பதும் நகராட்சியின் பொறுப்பே. கொடுமை வேறு, வறுமை வேறு என்று பிரித்தறியும் ஞானமே வேண்டும். சாலமோன் மன்னர் பிள்ளையை வெட்டுவதற்காக வாளைக் கேட்கவில்லை. உண்மைத் தாயைக் கண்டறியவே கேட்டார்.

நாம் செய்ய வேண்டியது

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இளைஞர் நீதிச் சட்டமும், பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்ற நெறியை ஏற்றுள்ளது. ஆகவே, ஏழை விதவை ஒருத்தி தன் பிள்ளையை இல்லத்தில் சேர்க்கப் பங்குத் தந்தையிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டு வரும்போது, கடிதம் எழுதுமுன் ஒரு கேள்வி கேட்போம்: ‘அம்மா, மாதம் எவ்வளவு இருந்தால் இந்தப் பிள்ளையை நீயே வைத்துக்கொள்வாய்?’ அவள் சொல்லும் தொகை, பங்கில் நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் கொடுக்கக்கூடியதாகவே இருக்கலாம்.

வீடு சந்திக்கச் செல்லும் நம் சபையினரும், அன்னையர் சங்கத்தாரும் ஒன்றை மனத்திற் கொள்வார்களாக. அடுப்பைப் பார்த்துக் குறை எழுதுவதற்கன்று, அது எரிகிறதா என்று அறிவதற்கே நாம் செல்கிறோம். அரசு உதவி பெறத் தகுதியிருந்தும் விண்ணப்பம் எழுதத் தெரியாதிருப்பவர்க்கு எழுதிக் கொடுப்போம். உதவி நிறுத்தப்பட்டவரோடு அலுவலகம் வரை உடன் செல்வோம். தாய் மடியில் பிள்ளை வளர நாம் செய்யும் இச்சிறு பணியைத் திருக்குடும்பம் ஆசீர்வதிப்பதாக.