தந்தையைத் தோளிற் சுமந்த வீராங்கனை

மற்போர் என்றதும் மீசை முறுக்கிய ஆடவரையே நம் மனம் எண்ணிக்கொள்கின்றது. யப்பானில், மியே மாநிலத்திற் பிறந்த சவோரி யொசிடா அவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்தவர். மற்போர் வீரரான தந்தை எய்க்கற்சு இல்லத்திலேயே பயிற்சிக்களம் அமைத்திருந்தார். மூன்று வயதிலேயே மகள் அதில் இறங்கிவிட்டார். எதிரி வருமட்டும் காத்திராது, தானே பாய்ந்து காலைப் பற்றவேண்டும் என்பதே தந்தை கற்பித்த பாடம்.

பெண்கள் மற்போர் ஒலிம்பிக் விழாவிற் புகுந்தது 2004 இலேதான். அவ்வாண்டு ஏதென்சிலும், 2008 இற் பீஜிங்கிலும், 2012 இல் இலண்டனிலும் பொற்பதக்கம் யொசிடாவுக்கே. 2002 முதல் 2015 வரை உலகப் பட்டங்கள் பதின்மூன்று. 119 தொடர் வெற்றிகளின்பின் 2008 சனவரியில் ஒருமுறை தோற்றார். அவ்வாண்டு ஆகத்திலேயே பீஜிங்கில் பொன் கொண்டார். இலண்டனில் வென்றதும், பயிற்றுநராய் அருகிருந்த தந்தையைத் தம் தோள்மீது ஏற்றிக்கொண்டார். அக்காட்சியைக் கண்டவர் மறவார்.

2014 இல் அத்தந்தை மறைந்தார்.

2016 இல் றியோ நகரின் இறுதிப் போட்டியில் எதிர்நின்றவர் அமெரிக்கரான எலன் மருலிஸ். 2012 இல் உலகப் போட்டியின் இறுதியில் யொசிடாவிடம் வீழ்ந்தவர் அவர். இம்முறை முதலிற் பின்தங்கியும், 4-1 என வென்று, அமெரிக்கப் பெண்கள் மற்போருக்கு முதல் ஒலிம்பிக் பொன்னைத் தேடிக்கொடுத்தார். யப்பானிய அணியின் தலைவியாய்ச் சென்ற யொசிடாவோ, வெள்ளிப் பதக்கத்துக்காக நாட்டாரிடம் மன்னிப்புக் கேட்டு அழுதார். தந்தை கடிந்துகொள்வாரே என்றும் விம்மினார். வெள்ளிக்கு மன்னிப்பா! எமக்கு இது மிகையெனவே தோன்றுகின்றது.

2019 சனவரியிற் களத்தினின்று விடைபெற்றபோது, தோற்றவர் மனம் எத்தகையது என்பதை அவ்வெள்ளியாலேயே தாம் அறிந்ததாகக் கூறினார்.