பந்தெறியும் கை

மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை எறிவோரின் விசை கையிலே தொடங்குவதன்று. ஊன்றிய காலிற் பிறந்து, இடையிலே திரும்பி, தோள்வழியே வலையைச் சென்றடைகின்றது. பந்தெறிதலும் அவ்வாறே. ஆயினும் துடுப்பாட்டம் பயிலும் மாணவர் பலர் பருவத்தின் முன் தோளை மட்டுமே வருத்துவர்.

தோள்மூட்டின் குழி ஆழமற்றது. அதிற் பொருந்திய புயவென்பின் தலையை நிலைநிறுத்துவன நான்கு சிறு தசைகளே. வளரும் பருவத்தில் அத்தலையின் அடியிலுள்ள வளர்தட்டோ இன்னும் வெறுங் குருத்தென்பு. தசை சில கிழமைகளில் வலுப்பெறும். அதனை என்போடு பிணைக்கும் நாண் அத்துணை விரைவில் வலுப்பெறாது. ஆதலின் போட்டிக்குப் பல கிழமை முன்னரே அண்மையெறிதலில் தொடங்கி, தொலைவையும் எண்ணிக்கையையும் சிறிது சிறிதாகக் கூட்டுதல் வேண்டும். இடையே ஓய்வுநாளும் வேண்டும்.

பேஸ்போல் ஆடும் அமெரிக்கச் சிறுவர்க்கு 'லிட்டில் லீக்' அமைப்பு 2007இல் எறியெண்ணிக்கைக்கே வரம்பு விதித்தது: 11, 12 வயதினர்க்கு நாளொன்றுக்கு 85. நம் மைதானங்களிலோ ஓட்டங்களை எண்ணுவோரே மிகுதி! முழங்கையிலோ தோளிலோ நோவு தோன்றின், அன்றே எறிதலை நிறுத்தி மருத்துவரை நாடுதல் முறை.