வெளி ஹார்டு டிஸ்கில் பாட்டு ஏன் காணாமல் போகிறது?

பட்டியலில் பாடலின் பெயர் இருக்கும். அழுத்தினால் கோப்பு இல்லை என்று வரும். பெரும்பாலும் பாடல் எங்கும் போயிருக்காது. இசை மென்பொருள் பலவும் பாடல் இருக்கும் பாதையை மட்டுமே குறித்துக்கொள்கின்றன. விண்டோஸில் நேற்று ‘இ’ டிரைவாக இருந்த டிஸ்க், இன்று ஒரு பென் டிரைவ் அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டால் ‘எஃப்’ ஆகிவிடும். குறித்த பாதை பொய்த்துப்போகும். ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதியில் பழைய எழுத்தைத் திரும்பக் கொடுத்தால் பட்டியல் உயிர்பெறும். ‘எம்’ போல ஆங்கில அகரவரிசையில் பின்னால் வரும் எழுத்து ஒன்றை நிலையாகக் கொடுப்பது இன்னும் நல்லது.

டிஸ்கே தெரியாவிட்டால் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். யுஎஸ்பி 2.0 தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில்தான் தேவை உச்சம். நீளமான மலிவுக் கேபிளில் அதிலும் கொஞ்சம் வீணாகும்.

தனி அடாப்டரில் ஓடும் 3.5 அங்குல டிஸ்குக்கு ஆபத்து வேறு. கும்மிடிப்பூண்டி சிப்காட் போல உலைகளும் பெரிய மோட்டார்களும் இயங்கும் பகுதிகளில் மின்னழுத்தம் சட்டென இறங்கக்கூடும். எழுதும்போது மின்சாரம் அறுந்தால் கோப்பு அமைப்பு சிதையும். யுபிஎஸ் அவசியம்.

‘டக், டக்’ என்ற ஓசைதான் மோசமான அறிகுறி. தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும், தரவைப் படிக்கும் முனை, தடம் கிடைக்காமல் திரும்பத் திரும்பத் தேடுகிறது. அப்போது பழுதுநீக்கும் மென்பொருளை ஓட்டவே கூடாது. முறையாக நிறுத்தி, தரவு மீட்பவரிடம் கொடுக்க வேண்டும். வேறொரு டிஸ்கில் நகல் இருந்தால் அந்தச் செலவும் இல்லை.