அரைநாள் வேலைக்கு முழு உரிமை இல்லையா?

ஹந்தானை, கலஹா, அம்பிட்டிய பக்கங்களிலிருந்து எத்தனையோ சகோதரிகள் வேலைக்காகக் கண்டி நகருக்கு வருகிறார்கள். அவர்களுள் ஒருவர் காலையில் ஒரு வீட்டில் சமைக்கிறார், உடுப்புக் கழுவுகிறார். பிற்பகலில் ஒரு கடையைக் கூட்டித் துடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கை ஒன்று, உழைப்பு ஒன்று. ஆனால் சட்டம் இவரை இரண்டு பேராகப் பார்க்கிறது.

கடையில் இவர் ஓர் ஊழியர். 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும். முதலாளி சம்பளத்தில் 8 சதவீதம் கழித்து, தமது பங்காக 12 சதவீதம் சேர்த்துச் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 சதவீதம் அவரே கொடுக்க வேண்டும். "அரைநாள் தானே வருகிறாய்" என்று தட்டிக்கழிக்க முடியாது.

வீட்டிலோ இந்த நிதிகள் எதுவும் இவருக்கு இல்லை. வீட்டு வேலை அச்சட்டங்களுக்கு வெளியே நிற்கிறது. 2016 ஆம் ஆண்டில் தேசிய குறைந்தபட்ச சம்பளச் சட்டம் வந்தபோதும் வீட்டுப் பணியாளர் விடுபட்டனர். இவர்களுக்கென்று இருந்த பழைய சட்டம் 1871 ஆம் ஆண்டுக்குரியது. அதன் நோக்கம் பணியாளரைப் பதிவுசெய்து கண்காணிப்பதே அன்றி, அவரது உரிமையைக் காப்பதல்ல.

உலகம் இதைப் பற்றிச் சிந்திக்காமல் இல்லை. சர்வதேச தொழில் அமைப்பு 1994 இல் பகுதிநேர வேலை பற்றிய 175 ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. நேரம் குறைவு என்பதற்காக மணித்தியாலச் சம்பளம் குறையக்கூடாது. விடுமுறையும் ஏனைய சலுகைகளும் வேலை நேரத்துக்கு ஏற்பக் கிடைக்க வேண்டும் என்கிறது அது. 2011 இல் வந்த 189 ஆம் இலக்கச் சமவாயம் வீட்டுப் பணியாளரும் தொழிலாளரே என்று உறுதிப்படுத்தியது. அடுத்த ஆண்டே இலங்கையில் வீட்டுப் பணியாளருக்கென ஒரு தொழிற்சங்கம் பதிவாகியது.

2023 இல் அரசாங்கம் முன்வைத்த புதிய தொழில் சட்ட வரைவு பகுதிநேர வேலைக்கும் இடமளித்தது. ஆனால் எட்டு மணிநேர வேலை நாள் பறிபோகும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 2024 இல் ஆட்சி மாறும் வரை அது நிறைவேறவில்லை. நேரத்தைத் தளர்த்துவது மட்டும் பாதுகாப்பு ஆகாது. இனி வரும் எந்தச் சட்டமும் மூன்று வீடுகளில் உழைப்பவரின் நேரத்தை ஒன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். இல்லையேல் எந்த வீட்டாரும் தம்மை முதலாளி என்று ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

சகோதரிகளே, சட்டம் வரும் வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஒரு சிறு கொப்பியில் வேலை செய்த திகதி, நேரம், பெற்ற சம்பளம் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள். கடையிலோ அலுவலகத்திலோ வேலை செய்பவர்கள் தமது சேமலாப நிதி இலக்கத்தைக் கேட்டுப் பெறுங்கள். மறுத்தால் அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். வீட்டில் பணிப்பெண்ணை வைத்திருக்கும் வாசகியருக்கும் ஒரு வேண்டுகோள்: வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் சம்பளத்துடன் விடுமுறையும் கொடுக்கச் சட்டம் வரும் வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?